மெய்க்காப்பாளன் கதைக்கு என் குரல்

ஜூன் 3

அக்கா,

நலம் விசாரிக்கும் வரியை இந்தக் கடிதத்தில் தேடாதே. கோபத்தில் எழுதுகிறேன்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் நீதான் ஜெயிப்பாய். வீட்டில் உன்னை வானொலி என்றும் என்னை எலி என்றும் சும்மாவா கூப்பிட்டார்கள்? காகிதத்தில் உனக்குக் குரல் கிடையாது. அதனால்தான் காகிதம்.

நான் இப்போது சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். அம்மா சொல்லியிருப்பாள். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் மடித்து எடுப்பார்கள். என் எதிர்முனையில் பவுடர் அக்கா. துணிக்குச் சோப்புத்தூளை அளந்து போடுவதும் அவர்தான், முகத்துக்குப் பவுடரை அளக்காமல் போடுவதும் அவர்தான்.

அவர் தன் போனை ஆணியில் தொங்கும் ஸ்பீக்கரோடு இணைத்துத் தினமும் ஒலிநூல் போடுவார். இயந்திரங்களை மீறிக் கேட்க வேண்டும் என்பதால் முழுச் சத்தம். போன வாரம் ஒரு மெய்க்காப்பாளன் கதை ஆரம்பித்தது. ஒரு தொழிலதிபர், அவருக்கு ஒரே மகள், மகளுக்குக் கொலைமிரட்டல், அவளைக் காக்க ஒருவன். ஆறடி மூன்றங்குலம். சிரிக்க மாட்டான், பெயர் சொல்ல மாட்டான். அவன் நிமிர்ந்து பார்த்தாலே இங்கே பன்னிரண்டு பேர் பெருமூச்சு விடுகிறார்கள். அந்தக் காற்றிலேயே விரிப்பு காய்ந்துவிடும்.

முதல் வரியிலேயே உன் குரல் என்று தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான்காம் பகுதியில் அந்த மகள் வாயைத் திறந்தாள். "வந்து... நீங்க யாரு? ஏன் என் பின்னாடியே வர்றீங்..."

'க' வரவில்லை.

முதலில் ஒரு 'வந்து'. பிறகு குட்டியாக ஒரு மூச்சு. கடைசி எழுத்தை விழுங்கிவிடுவது. உலகத்தில் அப்படிப் பேசுகிறவள் நான் ஒருத்திதான். என் கையிலிருந்த முனை நழுவி, விரிப்பு கோணலாக உள்ளே போய்ச் சுருட்டிக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் பவுடர் அக்கா சொன்னார்: "ஏய், இந்தப் பொண்ணு நம்ம புள்ள மாதிரியே பேசுதுல்ல?"

கதையில் அவன் அவளை அம்மணி என்றுதான் கூப்பிடுவான். அன்றிலிருந்து என் பெயரும் அம்மணி. "அம்மணி, உறையக் கொடுங்." "அம்மணி, டீ குடிச்சீங்களா, உங்க காவல்காரர் எங்?" நான் பேசுவதே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. இப்போது அதுவும் இல்லை.

யாரைக் கேட்டு எடுத்தாய்? என் பாவாடையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனபோதுகூட ஒரு வார்த்தை கேட்டாயே.

இன்னொன்றும் இருக்கிறது. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறேன். ஜூன் 28 கடைசி நாள். எனக்குப் பதினெட்டு ஆகாததால் அப்பா கையெழுத்து வேண்டும். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "அந்த ஸ்கூட்டர்காரன மறந்துட்டியா? வெளிய காலம் சரியில்ல." அவர் ஸ்கூட்டர்காரன் என்றதும் நான் விண்ணப்பத்தை மடித்து உள்ளே வைத்துவிடுகிறேன். பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. இதில் நீ வேறு என் பேச்சை எடுத்து ஊருக்கே விநியோகம் செய்கிறாய்.

அந்தக் குரலை எடுத்துவிடு.

பதிலை வீட்டுக்குப் போடாதே, அப்பா பிரிப்பார். பின்பக்கம் உள்ள சலவைக்கூட முகவரிக்குப் போடு.

எலி

*

ஜூன் 7

என் எலிக்குட்டிக்கு,

மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாதவள் மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இரண்டு முறை படித்தேன். ஸ்டூடியோவில் எனக்குக் கடிதம் வந்ததே பெரிய செய்தியாகிவிட்டது. ஒலிப்பதிவாளர், "யாரு, உங்க ரசிகரா?" என்று கேட்டார். "ஆமாம், கொலைமிரட்டல்" என்றேன்.

இங்கே என் வேலை எப்படி என்று உனக்குத் தெரியாது. அலமாரி அளவு அறை. சுவரெல்லாம் பஞ்சு. மின்விசிறி போட்டால் சத்தம், அதனால் கிடையாது. வயிறு இரைந்தால்கூடப் பதிவாகிவிடும், பன் சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கதைசொல்லி நான், தொழிலதிபர் நான், கொலைகாரன் நான், ஆறடி மூன்றங்குலமும் நான்தான். தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு பேசினால் அவன் வருவான். உங்கள் பன்னிரண்டு பேரிடமும் சொல்லாதே, பாவம்.

அந்த மகளுக்குத்தான் குரல் அமையவில்லை. 'அதிர்ந்து பேசாதவள்' என்று கதையில் எழுதியிருக்கிறது. நான் எப்படிப் பேசினாலும் ஒலிப்பதிவாளர் கண்ணாடியைத் தட்டி, "இது கூச்சம் இல்ல மேடம், சளி" என்றார். எனக்குத் தெரிந்த கூச்சக்காரி ஒரே ஒருத்தி. கண்ணை மூடிக்கொண்டு உன்னை நினைத்தேன். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது.

அது கேலி இல்லை. கேட்கிறவர்களுக்கு அந்தப் பெண்ணை எவ்வளவு பிடித்திருக்கிறது தெரியுமா? 'இந்தக் குரலைக் கேட்டால் நாமே போய்க் காப்பாற்றலாம் போலிருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இப்போது மாற்றவும் முடியாது. முப்பது பகுதியில் இருபத்தொன்பது முடிந்துவிட்டது, கடைசிதான் பாக்கி. கொஞ்சம் பொறு, அவன் அவளை எப்படிக் காப்பாற்றுகிறான் பார். நீயே பெருமூச்சு விடுவாய்.

கையெழுத்து விஷயத்தில் அப்பாவை மெல்லப் பிடி. நல்ல மனநிலையில் இருக்கும்போது கேள். ஸ்கூட்டர் பேச்சை நீ எடுக்காதே.

உன் அக்கா

*

ஜூன் 11

அக்கா,

ஸ்கூட்டர் பேச்சை நான் எடுப்பதில்லை. அப்பாதான் எடுக்கிறார் என்று எழுதியிருந்தேன். நீ என் கடிதத்தை இரண்டு முறை படித்ததாகச் சொல்வது பொய்.

நேற்று ஒன்பதாம் பகுதி ஓடியது. உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஆறடி மூன்றங்குலம் நேராகத் தொழிலதிபரிடம் போய், "இனிமே இவங்க கல்லூரிக்குப் போகக் கூடாது" என்கிறான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் ஏன் என்று கேட்டால், "உங்க நல்லதுக்குத்தான்" என்கிறான். அதற்கு அவள் சொல்கிறாள்: "சரி."

பன்னிரண்டு பேரும் உருகிவிட்டார்கள். மடிப்பு மேசையில் ஒருத்தி, "எனக்குன்னு சொல்ல இப்படி ஒருத்தன் இல்லையே" என்றாள். பவுடர் அக்கா, "உனக்கு ஒருத்தன் இருக்கான், அவனத்தான் நீ காவல் காக்குற" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த 'சரி' அவளுடையது இல்லை. நான் அப்பாவிடம் சொன்ன 'சரி'. அதே தாழ்ந்த குரல். நீ கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன்.

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூட வாசலிலிருந்து நம் தெருமுனை வரை ஒருவன் ஸ்கூட்டரில் மெதுவாகப் பின்னாலேயே வருவான். சாம்பல் நிற ஸ்கூட்டர். இருக்கை கிழிந்து நீல பிளாஸ்டிக் தாளால் சுற்றியிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டான். நான் நின்றால் நிற்பான். பதினோரு நாள். பதினோராவது நாள் சாயங்காலம் உன்னிடம் மட்டும் சொன்னேன். நம் அறையில் இரண்டே பேர். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நாளைக்கு நானே உன்கூட வர்றேன், அவனை என்ன ஏதுன்னு கேப்போம்" என்றாய். மறுநாள் காலை அப்பா என் பையைப் பரணில் தூக்கிப் போட்டார்.

யார் சொன்னது? சுவரா?

அவன் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு செய்தது அவன், வீட்டில் உட்கார்ந்தது நான். இப்போது அதையே இனிக்க இனிக்கப் படித்து, பின்னால் வருகிறவன் ஆசை நாயகன், கதவைச் சாத்துவது அன்பு என்று ஊருக்குச் சொல்கிறாய். அதுவும் என் வாயால்.

போன வாரம் ஒருத்தி, "மெய்க்காப்பாளன்னா என்ன, 'மெய்'ன்னா?" என்று கேட்டாள். நான் வாய் தவறி, "உண்மை" என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு சிரிப்பு. "உடம்புடி! உடம்பக் காக்குறவன்!" சின்ன வயதில் நான் உண்மையைக் காக்கிறவன் என்றுதான் நினைத்திருந்தேன், உனக்குத் தெரியும். இப்போதும் என் அர்த்தம்தான் நல்ல அர்த்தம் என்று நினைக்கிறேன். உடம்பைக் காக்க ஆளுக்காள் கிளம்பிவிடுகிறீர்கள். மற்றதைக் காக்கத்தான் இந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

சொன்னது நீதானா? ஆம், இல்லை என்று எழுது. நடுவில் கதை வேண்டாம்.

எலி

*

ஜூன் 15

தங்கச்சி,

ஆம்.

நடுவில் கதை வேண்டாம் என்றாய். ஆனால் இதற்குப் பிறகு ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் இந்த 'ஆம்' பாதிதான்.

அன்று நீ தூங்கிய பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. மறுநாள் அவனிடம் கத்தி இருந்தால் என்ன செய்வது என்று நினைத்தேன். விடியும் முன்னே அப்பாவிடம் சொன்னேன். பள்ளிக்கூட வாசலில் வந்து நில்லுங்கள், அல்லது காவல் நிலையத்துக்குப் போங்கள் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. நேராகப் போய் உன் பையைப் பரணில் போட்டார்.

அன்று மதியம் அவரோடு சண்டை போட அவர் வேலை செய்யும் குளிர்பதனக் கிடங்குக்குப் போனேன். வாசலில் அவர் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், உள்பக்கச் சுவரோரம், ஒரு சாம்பல் நிற ஸ்கூட்டர். இருக்கையில் நீலத் தாள்.

அந்த ஆள் அப்பாவோடு வேலை செய்கிற இன்னொரு காவலாளி. காலை ஷிப்ட். அப்பாதான் அவரை அனுப்பியிருக்கிறார்.

உனக்கு அந்தப் பேருந்து ஞாபகம் இருக்கிறதா? ஏழாம் வகுப்பில் நம் நிறுத்தத்தில் பேருந்து நிற்காமல் போக, "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராமல் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டாயே. நாங்கள் மூன்று மணி நேரம் தேடினோம். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே எண்ணம்: இவளுக்கு ஏதாவது ஆனால் இவள் கத்தக்கூட மாட்டாள். அதனால் ஆள் வைத்தார். உன்னிடம் சொன்னால் கூச்சப்படுவாய் என்று சொல்லவில்லை. நீ அந்த ஆளைப் பார்த்தே பயந்தாய் என்றதும் அவருக்கு உயிரே போய்விட்டது. காவலோடு அனுப்பினால் நீ பயப்படுகிறாய், காவல் இல்லாமல் அனுப்பினால் அவர் பயப்படுகிறார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி பரண்.

"அவகிட்ட உண்மையச் சொல்லுங்க" என்று கத்தினேன். "நானே சொல்றேன். நேரம் பாத்துச் சொல்றேன். நீ சொல்லிடாத, அவ என்னப் பத்தி என்ன நினைப்பா" என்றார். இன்னும் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் போல.

நானும் சொல்லவில்லை. ஒரு வாரம் சொல்லாமல் இருந்தேன். அது ஒரு மாதமானது. பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்பதற்காகவே சொல்லவில்லை.

நான் போனில் கூப்பிடும்போதெல்லாம் நீ அம்மாவிடம் தலையசைத்துவிட்டு எழுந்து போய்விடுவாயாம். மூன்று வருஷமாக உன் குரலை நான் கேட்கவில்லை. அந்த அலமாரி அறையில் நானே பேசி நானே கேட்டுக்கொண்டேன். அதுதான் உண்மை. நான் லீவு போட்டு வருகிறேன். அப்பாவிடம் நான் பேசுகிறேன். கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

அக்கா

*

ஜூன் 19

அக்கா,

பரணிலிருந்து பையை இறக்கிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கரையான் பாதி தின்றிருக்கிறது. மூன்று வருஷம் நான் ஒரு பிஸ்கட் தின்னும் காவலாளிக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆமாம், பிஸ்கட். ஹெல்மெட்டுக்கு அடியில் கையை விட்டு விட்டு எதையோ வாயில் போட்டுக்கொண்டே வருவான். சட்டையெல்லாம் தூள் உதிரும். ஏதோ போதை மருந்து என்று நினைத்திருந்தேன். இப்போது புரிகிறது.

முந்தாநாள்கூட அப்பா சொன்னார்: "அந்த ஸ்கூட்டர்காரன் மாதிரி எத்தன பேர் சுத்துறானுங்க." தான் அனுப்பிய ஆளைக் காட்டியே என்னைப் பயமுறுத்துகிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அது மட்டும்தான் அவரிடம் மிச்சமிருக்கும் நேர்மை.

நீ எழுதியதில் கடைசிப் பாரா மிகவும் நன்றாக இருந்தது. மூன்று வருஷமாகக் குரலைக் கேட்கவில்லை, அலமாரி அறை, எல்லாம். கண்கூடக் கலங்கியது. பிறகுதான் நினைவு வந்தது, இப்படிச் சொல்வதுதான் உன் தொழில்.

எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது. நான் பள்ளியை விட்டு இரண்டே வாரத்தில் நீ இந்த ஊரைவிட்டுப் போனாய். நாலு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பாத அப்பா, பத்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊருக்கு உன்னைத் தனியாக எப்படி அனுப்பினார்? அதற்கு முன் ஒரு வருஷம் கேட்டுக் கேட்டு அழுதாயே, அப்போதெல்லாம் முடியாது என்றாரே?

இதற்குப் பதில் எழுது. லீவு போட்டு வராதே. நீ வந்தால் நீ பேசுவாய். நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு முடிவை மட்டும் என்னிடம் சொல்வீர்கள்.

அப்புறம், கடைசிப் பகுதியில் என் குரல் வரக் கூடாது.

எலி

*

ஜூன் 23

தங்கச்சி,

நீ கண்டுபிடித்துவிட்டாய்.

கிடங்கு வாசலில் அழுது கத்தி முடித்த பிறகு அப்பாவிடம் சொன்னேன்: "நான் வாயத் தொறக்கலன்னா என்னை அனுப்புவீங்களா?" அந்த வார்த்தை எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. முன்னாலேயே யோசித்து வைத்திருக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். "போ" என்றார்.

உன் பள்ளிக்கூடத்தைக் கொடுத்துத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். இதை எந்தக் குரலில் படித்தாலும் இனிக்காது.

கடைசிப் பகுதியை நேற்று பதிவு செய்தோம். அந்த மகளுக்கு என் சொந்தக் குரலில் படித்தேன். ஒலிப்பதிவாளர் கண்ணாடியைத் தட்டி ஓய்ந்துவிட்டார். "ஒரே நாள்ல குரல் மாறினா கேக்குறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். "அது கடன் வாங்கினது சார், திருப்பிக் கேட்டுட்டாங்க" என்றேன். அடுத்த கதைக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்று முதலாளி யோசிக்கிறாராம். பார்க்கட்டும்.

நான் வரவில்லை. நீ சொன்னபடியே.

அக்கா

*

ஜூன் 29

அக்கா,

உன் கடிதம் 26ஆம் தேதி காலை கிடைத்தது. துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து படித்தேன். உன் மேல் வந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. எட்டும் தூரத்தில் ஒருவர் இருந்தார். பவுடர் அக்காவிடம் அரை நாள் லீவு கேட்டேன். "எதுக்கு அம்மணி?" என்றார். "எங்கப்பாகிட்ட சண்டை போடணும்" என்றேன். "போ, உன் முனையையும் நானே பிடிச்சுக்கறேன்" என்றார். ஒரே ஆள் எப்படி இரண்டு முனையைப் பிடிப்பது?

தனியாகப் போனேன். இரண்டு பேருந்து. இரண்டாவதில் நிறுத்தத்துக்கு முன்னாலேயே எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டேன்.

குளிர்பதனக் கிடங்கின் வாசல் உனக்குத் தெரியும். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளேயிருந்து வருகிறவர்கள் தடித்த கம்பளிச் சட்டையில் வருகிறார்கள். அப்பா வண்டி எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொருவர், அப்பாவைவிட வயதானவர், நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். ஹெல்மெட் மடியில் இருந்தது. முன்வழுக்கை. காதில் முடி. ஆறடி மூன்றங்குலத்தில் இரண்டு அடியைக் கழித்துக்கொள்.

அப்பா என்னைப் பார்ப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "அட, பாப்பா! எவ்ளோ வளந்துட்ட! பத்தாவது முடிச்சிருப்பியே? இப்ப என்ன படிக்கிற?"

அவருக்குத் தெரியாது, அக்கா. நான் வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன், இனி பின்னால் போக வேண்டாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். மூன்று வருஷமாக நான் அந்த ஆளைக் கெட்ட கனவில் கண்டுகொண்டிருக்கிறேன், அவர் என்னைப் படிக்கிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"நான் படிக்கல" என்றேன். "ஒம்பதாவதோட நிறுத்திட்டாங்க. உங்களப் பார்த்து பயந்துட்டேன்."

"என்னப் பார்த்தா?" தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "நான் உனக்குக் காவலுக்கு வந்தேன்மா."

"எனக்கு யாரும் சொல்லல."

அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா பேனாவை மூடினார், திறந்தார். "வீட்டுல பேசிக்கலாம், நீ போ" என்றார்.

"வீட்டுல மூணு வருஷமா பேசல. இங்கயே பேசலாம்."

இதை நான் மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். ஆனால் உள்ளே பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பினார்கள். வாசலில் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அப்பா அது போதும் என்பதுபோலக் கதவைத் திறக்க எழுந்தார். பிஸ்கட்காரர் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "நான் தொறக்கிறேன். நீ புள்ளைக்குப் பதில் சொல்லு. என்னை என்னன்னு நினைச்சு வெச்சிருக்க நீ? மூணு வருஷமா என்னை ரவுடியாக்கி வெச்சிருக்க!" அவர் கதவை இழுத்த வேகத்தில் தண்டவாளம் கிறீச்சிட்டது. என்னைவிட அவருக்குத்தான் கோபம். அதைப் பார்க்க எனக்குத் தெம்பாக இருந்தது.

விண்ணப்பத்தைப் பதிவேட்டின் மேல் வைத்தேன். அப்பா அதைத் தன் பக்கம் திருப்பினார். "உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

"ஆயிடுச்சுப்பா" என்றேன்.

நூல் கட்டிய பேனாவால் கையெழுத்துப் போட்டார். 'படிப்பு நின்றதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. குடும்பச் சூழல் என்று எழுதினால் போதும் என்று பவுடர் அக்கா சொல்லியிருந்தார். நான் பேனாவை வாங்கப் போனேன். அப்பா கொடுக்கவில்லை. அவரே எழுதினார். ஒரே வார்த்தை: 'தந்தை'.

இடம் மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். "அது காரணம் எழுதுற இடம்ப்பா."

"தெரியும்" என்றார்.

நேற்று கடைசி நாள். தானும் வருவதாகச் சொன்னார். "பின்னாடி வர்றதா இருந்தா நான் போகல" என்றேன். அதனால் முன்னால் நடந்தார். பத்து அடிக்கு ஒரு தடவை நான் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் ஒரு சைக்கிளில் இடித்துக்கொண்டார்.

நடுவில் ஒரு செய்தி. கடைசிப் பகுதி நேற்று காலை வந்துவிட்டது. சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் ஒரே வருத்தம். "என்னடி இது, அம்மணி குரல் கட்டிப்போச்சா? திடீர்னு இவ்ளோ தைரியமா பேசுது?" பவுடர் அக்கா மட்டும் என்னைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவன் கடைசியில் அவளைக் காப்பாற்றினானா என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது தேர்வு அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே நீண்ட வரிசை. கண்ணாடித் தடுப்பில் ஒரு சின்ன அரைவட்டம், அதில் வாயை வைத்துத்தான் பேச வேண்டும். எழுத்தர் ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"காரணம் தந்தைன்னு இருக்கேம்மா. அப்பா தவறிட்டாரா?"

நான் திரும்பினேன். வரிசைக்கு வெளியே, தூணோரம், காவலாளிச் சீருடையில் நின்றிருந்த அப்பா கையைத் தூக்கினார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"ஆமா சார்" என்றார். "நான்தான். தவறிட்டேன்."

எழுத்தர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தி ரசீதைத் தள்ளினார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இரண்டையும் காட்டவில்லை. அவர் ஒரு வார்த்தையில் எழுதியதற்கு நான் மூன்று வருஷம் கொடுத்திருக்கிறேன். அவ்வளவு சீக்கிரம் சரியாகாது என்று அவரிடமே சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்கிறேன். நீ வாங்கிக்கொண்டு போனது அதைவிடப் பெரிது.

போன் செய்யாதே. தேர்வு முடியட்டும். உன் பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்டு உன்னிடம் இருந்தால் அனுப்பு. படங்களை நீதான் நன்றாக வரைவாய். முதல் பக்கத்தில் எதுவும் எழுதி அனுப்பாதே.

எலி